முதல் பவுன் எடுக்கப் போகிறவர்களுக்கு: எடை, முத்திரை, சேதாரம், ரசீது

வீட்டையும் காரையும் விட்டுவிட்டால், தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் பெரும்பணம் இருப்பது நகைப்பெட்டியில்தான். ஐயாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு நான்கு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, இரண்டு லட்ச ரூபாய்ச் செயினை "டிசைன் பிடிச்சிருக்கு" என்று அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். முதல் சம்பளத்தில் எடுப்பவர்கள், பெரியவர்கள் துணையில்லாமல் கல்யாண நகை எடுக்கப் போகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழையுங்கள். நகைக்குக் கொடுக்கும் பணத்தில் திரும்பி வருவது ஒரு பங்கு, வராதது ஒரு பங்கு. தங்கத்தின் எடைக்குக் கொடுத்தது என்றாவது திரும்பும். சேதாரம் (நகை செய்யும்போது சிந்தும் தங்கத்துக்கென்று சேர்ப்பது), செய்கூலி, வரி ஆகியவை அன்றே போனவை. கல்லுக்குக் கொடுத்ததும் பெரும்பாலும் அப்படித்தான்.

கடைக்குப் போகும் முன்

அன்றைய விலையை வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சொல்வது 22 காரட் விலை, ஒரு கிராமுக்கும் ஒரு பவுனுக்கும். ஒரு பவுன், அதாவது சவரன், 8 கிராம். வட இந்தியச் சேனல்களில் ஓடும் விலை பெரும்பாலும் 10 கிராம் 24 காரட்டுக்கானது. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். 24 காரட் கிராம் விலையை 0.916 ஆல் பெருக்கினால் 22 காரட் விலை ஏறத்தாழ வந்துவிடும். விலை காலையில் அறிவிக்கப்படும். சந்தை ஆட்டம் போடும் நாளில் மாலையிலும் மாறும். ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமை விலையே ஓடும்.

பட்ஜெட்டைப் பவுனில் போடாமல் ரூபாயில் போடுங்கள். "மூணு பவுன்ல ஒரு ஆரம்" என்று கேட்டால், மூன்று பவுன் தங்கத்தின் விலையோடு சேதாரமும் வரியும் சேர்ந்து மூன்றரைப் பவுனின் விலையைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவீர்கள்.

பான் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் பான் எண் கட்டாயம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்குக் கடைக்காரருக்குச் சட்டத்திலேயே அனுமதி இல்லை. "ரெண்டு பில்லா போட்டுக்கலாம் சார்" என்ற யோசனைக்குத் தலையாட்டாதீர்கள்.

எந்த வேலைக்கு எந்த நகை

முதலீட்டுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் நகை வேண்டாம், நாணயம் போதும். அதில் சேதாரம் மிகக் குறைவு. ஆனால் வங்கியில் நாணயம் வாங்கினால் அதே வங்கி திரும்ப வாங்கிக்கொள்ளாது. நகைக்கடையில்தான் கொடுக்க வேண்டும். அடகு வைப்பதற்கும் வரம்பு உண்டு. நாணயத்துக்குக் கடன் ஒருவருக்கு 50 கிராம் வரைதான்.

தினமும் போட்டுக்கொள்ள என்றால், கல் இல்லாத, கெட்டியான, எளிய வேலைப்பாடு. உள்ளே கூடாக இருக்கும் செயின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், கையில் லேசாக இருக்கும். அறுந்தால் பற்றவைப்பது கடினம், நசுங்கினால் நிமிராது. கூடான வளையலும் அப்படித்தான். அதே எடையில் மெலிந்த ஆனால் கெட்டியான செயினை எடுப்பதே எங்கள் பரிந்துரை. செயின் அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, கொக்கியை ஒட்டிய வளையத்தில். அதைத் தனியாக நகத்தால் நெம்பிப் பாருங்கள். வாய் சேர்ந்த இடம் பற்றவைக்கப்படாமல் வெறுமனே மடக்கி விடப்பட்டிருந்தால், அங்கேயே பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள்.

வளையல் அளவில் புதியவர்கள் தவறுவது வழக்கம். 2.4, 2.6, 2.8 என்று சொல்வது தசமம் அல்ல. 2.4 என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பாகமும், அதாவது இரண்டேகால் அங்குலம், சுமார் 57 மில்லிமீட்டர். 2.6 சுமார் 60, 2.8 சுமார் 63.5. அளவு வளையல் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது உத்தமம்.

கோயில் நகை, அட்டிகை போன்றவை வேறு ரகம். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடே உண்டு. இந்தப் பாணியில் கல்லுக்கு அடியில் அரக்கு வைத்துப் பதிக்கும் நகைகள் பல. அழகுக்குக் குறையில்லை, ஆனால் சேதாரம் மிக அதிகம், அரக்கின் எடை தங்கக் கணக்கில் நுழையும் அபாயமும் உண்டு. முதல் நகையாக இதை எடுக்காதீர்கள்.

முத்திரையைப் படிப்பது

2023 ஏப்ரல் 1 முதல், கடைக்காரர் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் இருந்தே ஆக வேண்டும். ஹெச்.யு.ஐ.டி. என்பார்கள். முத்திரையில் மூன்று இருக்கும்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சின்னம், மாற்றை, அதாவது தங்கத்தின் சுத்தத்தைச் சொல்லும் குறி (22 காரட் என்றால் 22கே916), பிறகு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கம். இலக்கம் ஒவ்வொரு நகைக்கும் தனி. 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம். 750 என்றால் 18 காரட்.

லேசரில் பொறித்த எழுத்து மிகப் பொடியாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, தயங்காமல் கேளுங்கள். பிறகு உங்கள் போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியைத் திறந்து எண்ணை அடியுங்கள். கடையின் பதிவு, சோதித்த மையம், முத்திரையிட்ட தேதி, நகையின் வகை, மாற்று ஆகியவை வரும். இதில் பலர் பார்க்கத் தவறுவது நகையின் வகை. கையில் இருப்பது வளையல், செயலியில் வருவது மோதிரம் என்றால் அந்த எண் இந்த நகையுடையது அல்ல. நகையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் என்ற வட இந்தியக் கல் பதிப்பு வேலைப்பாடுகளுக்கும் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. மூக்குத்தியில் முத்திரை இல்லை என்று சண்டைக்குப் போக வேண்டாம். அதேபோல் "916 கே.டி.எம்." என்ற பலகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கே.டி.எம். என்பது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைக்கும் முறை, தரமுத்திரை அல்ல. அதன் புகை பத்தர்களின் நுரையீரலைக் கெடுத்ததால்தான் அது ஒதுக்கப்பட்டது.

சந்தேகம் தீரவில்லை என்றால், வாங்கிய பிறகும் ஹால்மார்க் மையத்துக்கு நீங்களே எடுத்துப் போகலாம். நான்கு நகை வரை சோதிக்கக் கட்டணம் 200 ரூபாய். முத்திரை சொல்லும் மாற்றைவிடக் குறைவாக இருப்பது உறுதியானால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன. ஒரு விஷயம்: மாற்றுப் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். கனமாக முலாம் பூசியதை அது 916 என்றே காட்டக்கூடும். உருக்கியோ சுரண்டியோ எடுத்துச் சோதிப்பதே கடைசித் தீர்ப்பு.

தராசின் முன்னால்

தராசு கிராமுக்குப் பின் மூன்று தசமம் காட்ட வேண்டும். வைக்கும் முன் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மின்விசிறிக் காற்றில் எண் ஆடினால் நிற்கும் வரை பொறுங்கள். விலைச்சீட்டு, நூல், பிளாஸ்டிக் பை எதுவும் நகையோடு தட்டில் ஏறக்கூடாது. ஒரு பெரிய சீட்டு 0.2 கிராம் இருந்தாலே, கிராம் பத்தாயிரம் விற்கும்போது அது இரண்டாயிரம் ரூபாய்.

கல் வைத்த நகையில் இரண்டு எடை உண்டு: மொத்த எடை, கல் நீக்கிய எடை. மொத்தம் 20 கிராம், கல் 2.5 கிராம் என்றால் தங்கம் 17.5 தான். 20-க்கும் தங்க விலை போட்டால் 25,000 ரூபாய் கண்ணாடிக் கல்லுக்குப் போகிறது. சேதாரமும் 20-க்கு ஏறும். பெரும்பாலான தென்னிந்திய நகைகளில் இருக்கும் சிவப்பும் பச்சையும் செயற்கைக் கற்கள். விற்கும்போது அவற்றுக்கு மதிப்பு கிடையாது. கல்லின் எடை, கல்லின் விலை இரண்டையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வைரமானால் தனிச் சான்றிதழ் வேண்டும். வைரத்தின் காரட் எடையளவு, ஒரு காரட் 0.2 கிராம், தங்கத்தின் காரட்டோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

சேதாரத்தில்தான் பேரம்

அரம் போட்டு ராவும்போதும் உருக்கும்போதும் தங்கத்தூள் சிந்தும். அந்த இழப்புக்காகப் பத்தர் கேட்டதுதான் சேதாரம். இன்று எந்திரத்தில் செய்யும் செயினில் சிந்துவது சொற்பம், சிந்தியதையும் கூட்டி எடுத்துச் சுத்திகரித்துவிடுகிறார்கள். ஆகவே சேதார சதவீதத்தைக் கடையின் கூலியும் லாபமும் சேர்ந்த எண்ணாகவே பாருங்கள். தங்க விலையில் பேரம் இல்லை. இங்கே உண்டு, எப்போதும் உண்டு.

கணக்கு எளிதாக இருக்க, கிராம் விலை 10,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுன், 16 கிராம் செயின், சேதாரம் 12 சதவீதம்.

தங்கம் 16 கிராம்: 1,60,000
சேதாரம் 1.92 கிராம்: 19,200
ஜி.எஸ்.டி. 3 சதவீதம்: 5,376
ஹால்மார்க் கட்டணம் 45, அதற்கு வரி 18 சதவீதம்: 53
மொத்தம்: 1,84,629

மறுநாளே அதே விலையில் விற்றால், எந்தக் கழிவும் இல்லாத நல்ல கடையிலும் 1,60,000 தான் வரும். போட்ட பணம் திரும்புவதற்கே தங்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். அதே செயினைச் சேதாரம் 6 சதவீதத்துக்குப் பேசி எடுத்தால் மொத்தம் 1,74,741. சிரித்த முகத்தோடு பேசிய பத்து நிமிடத்துக்குக் கூலி 9,888 ரூபாய்.

"செய்கூலி இல்லை", "சேதாரத்தில் பாதி தள்ளுபடி" என்ற விளம்பரங்களில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றில் ஏற்றியிருக்கலாம்: 24 சதவீதத்தில் பாதி தள்ளினால் 12 தானே? சதவீதங்களை விட்டுவிடுங்கள். ஒரே எடை, ஒரே மாதிரி வேலைப்பாடு என்று வைத்து, வரி உட்பட மொத்தத் தொகையைத் தங்கத்தின் நிகர எடையால் வகுங்கள். மேலே சொன்ன முதல் கணக்கில் அது கிராமுக்கு 11,539, இரண்டாவதில் 10,921. கடைகளை ஒப்பிட இந்த ஒரே எண் போதும். விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டி முடிவுத் தொகையை மட்டும் காட்டினால், மேலே காட்டிய கணக்கைப் போல ஐந்து வரிகளாக ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதும்போதே பாதிப் பேரம் படிந்துவிடும்.

பேசும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "இதையே திரும்பக் கொண்டுவந்தால் என்ன கழிப்பீங்க? மாற்றினால் எவ்வளவு, பணமாகக் கேட்டால் எவ்வளவு?" பதில் ரசீதிலேயே இருக்கட்டும்.

ரசீது

நகையின் பெயர், நிகர எடை, காரட்டும் மாற்றும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை ரசீதில் இருந்தாக வேண்டும். ஆறு இலக்க எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பீட்டுச் சீட்டு என்று கொடுக்கும் வெள்ளைத் தாள் ரசீது அல்ல, ஜி.எஸ்.டி. எண் இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு பிறகு எந்தப் புகாரும் நிற்காது. வெப்பத்தில் அச்சாகும் ரசீது ஓரிரு வருடத்தில் வெளுத்துவிடும், அன்றே படமெடுத்து வையுங்கள். பிற்காலத்தில் நகையை விற்றால் வரும் லாபத்துக்கு வரி உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், வாங்கிய விலையைக் காட்ட இந்தக் காகிதம்தான் சாட்சி.

பழைய நகையைப் போட்டு மாற்றுவது

ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இது. பாட்டி காலத்து நகையில் பொடி அதிகம், ஆகவே மாற்று 916-க்குக் குறைவாகவே இருக்கும். அதில் கடைக்காரர் தவறு இல்லை. முதலில் கல், அரக்கு, கருகமணி, நூல் எல்லாவற்றையும் உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லி எடை போடுங்கள். உருக்குவதானால் பக்கத்திலேயே நில்லுங்கள். உருக்கிய கட்டியை எடை போட்டு, அதற்குத்தான் மாற்று பார்க்க வேண்டும்.

24 கிராம் நகை, உருக்கியபின் 23.4 கிராம், மாற்று 88 சதவீதம் என்று வந்தால்: 23.4-ஐ 88 ஆல் பெருக்கி 91.6 ஆல் வகுத்தால் 22.48 கிராம். அந்த எடைக்கு அன்றைய 22 காரட் விலை கிடைக்க வேண்டும். இதற்கும் மேல் "பழசுக்கு ரெண்டு பர்சன்ட் கழிவு" என்றால், மாற்றுக் குறைவுக்கு ஏற்கெனவே கழித்தாயிற்றே என்று கேளுங்கள். உருக்கிய பிறகு மனம் மாறினால் கட்டியாகத்தான் திரும்பக் கிடைக்கும். அதனால் முதலில் எக்ஸ்ரேயில் மட்டும் பார்த்து, இரண்டு கடையில் விலை கேட்டு, பிறகு உருக்கச் சம்மதியுங்கள்.

பதினோரு மாதச் சீட்டு

நகைக்கடைச் சிறுசேமிப்பு ஏன் 11 மாதம் என்றால், பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தீர்க்காவிட்டால் கம்பெனிச் சட்ட விதிப்படி அது வைப்புநிதி ஆகிவிடும். அதற்கு வேறு கடுமையான நிபந்தனைகள். சேரலாமா? கட்டும் மாதமே அன்றைய விலையில் கிராமாக வரவு வைக்கும் திட்டம் என்றால் யோசிக்கலாம். பணமாகச் சேர்த்துக் கடைசியில் அன்றைய விலைக்குத் தரும் திட்டம் வெறும் உண்டியல். சேதாரச் சலுகைக்கு உச்சவரம்பு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அதைத் தாண்டிய டிசைன்களே கடை முழுவதும் தொங்குவதுண்டு. வங்கியில் போட்ட பணத்துக்கு இருக்கும் காப்பீடு இதற்குக் கிடையாது. கடை மூடினால் நீங்களும் கடைக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் ஒருவர்.

வைத்துக்கொள்வதும் அடகும்

வங்கி லாக்கரில் திருட்டு, தீ, கட்டட இடிவு, ஊழியர் மோசடி நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். உள்ளே 40 பவுன் இருந்தாலும் அதுதான். வெள்ளம், பூகம்பம் போன்ற இயற்கைச் சேதத்துக்கு அதுவும் கிடையாது. நகைக்குத் தனிக் காப்பீடு எடுப்பவர்கள் குறைவு, எடுக்க வேண்டியவர்கள் நிறைய. உள்ளே வைக்கும் முன் ஒவ்வொரு நகையையும் தராசில் எடை தெரியும்படி படமெடுங்கள். நியமனதாரர் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

அடகு வைக்கும் நாள் வந்தால், 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். கடன் தருகிறவர்கள் அவற்றுக்கு மாறக் கெடு 2026 ஏப்ரல் 1. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. கல்லுக்கு மதிப்பு போட மாட்டார்கள். கடனை முழுதாகக் கட்டியபின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும். தாமதம் அவர்களுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. வைக்கும்போது தரும் சீட்டில் எடையும் கல் கழிவும் சரியா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் படியுங்கள்.

சுத்தம் செய்யப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பற்பசை வேண்டாம், அது சுரண்டும். முத்து, பவளம், அரக்கு வைத்த அட்டிகை இவற்றை நீரில் போடாதீர்கள். சூட்டில் அரக்கு இளகிக் கல் உதிரும். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும், வீட்டில் தீராது. பத்தரிடம்தான் போக வேண்டும். தோட்டின் திருகாணி மரை தேய்ந்து தானாகச் சுழல ஆரம்பித்தால் அன்றே மாற்றுங்கள். தாலிக்கொடியில் தாலி உரசும் இடத்தை ஆண்டுக்கு ஒருமுறை கண்ணாடி வைத்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிட அங்கே பாதியாக மெலிந்திருந்தால் அந்தக் கண்ணியை மட்டும் மாற்றினால் போதும். கொடியையே மாற்றச் சொல்பவரிடம், இன்னொரு பத்தரையும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.